முழங்காலில் இருந்த இன்னொரு கை

வத்தல்மலையில் சுளுக்கு வழிக்கிற, கைகால் பிடித்துவிடுகிற அம்மாமார்களுக்கும் அக்காமார்களுக்கும்,



நான் தருமபுரியில் இயன்முறை சிகிச்சை செய்கிறவள். சின்னங்காட்டிலும் பெரியூரிலும் சிலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. பெயரால் இப்போது ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடம் போகும் பேத்தியோ பேரனோ படித்துக் காட்டட்டும். அவர்கள் காதிலும் விழவேண்டிய சேதிதான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் ஒன்றிக்காட்டுப் பக்கம் நடந்து போகும்போது வழுக்கி விழுந்தேன். வலது கணுக்கால் பிசகிவிட்டது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நானே தடவிப் பார்த்துக்கொண்டேன். நாலு எட்டு ஊன்றி வைக்கவும் முடிந்தது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தார்கள். அந்த வீட்டுப் பாட்டி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

வீங்கிய இடத்தில் அவர் கை வைக்கவே இல்லை. இடது கையை என் முழங்காலுக்குக் கீழே வைத்தார். வைத்தது வைத்தபடி இருந்தது. வலது கைக் கட்டைவிரல் மட்டும் ஆடுசதை வழியாக இறங்கியது. தேய்க்கவில்லை, உருட்டவில்லை, ஓரிடத்தில் நின்றது, பொறுத்தது, பிறகு அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. பாதி வழியில் ஒரு புள்ளியில் நெடுநேரம் நின்றுவிட்டது. நான் தொழில் பழக்கத்தில் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு மூச்சு ஆனது. "இங்க கை உள்ள போவுது பாரு கண்ணு" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. கண்ணை மூடியிருந்தார்.

என் முதுகுத்தண்டு சில்லிட்டுப்போனது. வலி குறைந்ததால் அல்ல. வலி மெதுவாகத்தான் குறைந்தது, கணுக்கால் சரியாக மூன்று வாரம் பிடித்தது. நான் பணம் கட்டி, ஊர்விட்டு ஊர் போய், ஆரோவில்லில் பாய் விரித்து உட்கார்ந்து கற்றுக்கொண்ட ஒரு காரியத்தை, யாரிடமும் கற்காத ஒருவர் திண்ணையில் செய்துகொண்டிருந்தார் என்பதால். அதற்கு ஜப்பானில் ஒரு பெயர் இருக்கிறது, பாடத்திட்டம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. இங்கே அதற்குப் பெயர் "பாட்டி பிடிச்சு விட்டுச்சு".

ஜப்பானியர் அதை ஷியாட்சு என்கிறார்கள். ஷி என்றால் விரல், அட்சு என்றால் அழுத்தம். அழுத்தும் கை அங்கே ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது. சீனத்திலிருந்து போன அன்மா என்ற பிடித்துவிடும் கலையின் வழியில் வந்தது. ஷியாட்சு என்ற பெயர் வழக்குக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் தொகுஜிரோ நமிகோஷி. அவர் கதையை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். அது உங்கள் கதைதான்.

1905இல் ஜப்பானின் தெற்கே ககாவா என்ற பகுதியில் பிறந்தவர். அவருக்கு ஏழு வயதாகும்போது, 1912இல், குடும்பம் பிழைப்புக்காக வடகோடியில் இருக்கும் ஹொக்கைடோ தீவுக்குப் பெயர்ந்தது. ருசுத்சு என்ற குடியேற்ற ஊர், காடு திருத்திப் பயிர் வைக்கும் ஊர். குளிர் எலும்பைத் துளைக்கும். பயணக் களைப்பிலும் குளிரிலும் அம்மா மாசாவுக்கு முதலில் முழங்கால், பிறகு மணிக்கட்டு, தோள் என்று ஒவ்வொரு மூட்டாகப் பிடித்துக்கொண்டது. ஊரில் வைத்தியர் கிடையாது. பிள்ளைகள் முறைவைத்து அம்மாவுக்குக் கைகால் பிடித்துவிட்டார்கள். அப்போது அம்மா ஒரு வார்த்தை சொன்னாள்: தொகுஜிரோவின் கைதான் இதமாக இருக்கிறது என்று.

பையன் பிடித்துக்கொண்டான். எந்த இடம் இறுகியிருக்கிறது, எந்த இடம் சில்லென்று இருக்கிறது என்று விரலாலேயே பார்த்துப் பார்த்து, தேய்ப்பதைக் குறைத்து அழுத்துவதைக் கூட்டினான். முதுகுத்தண்டின் இருபக்கமும் அழுத்தினால் அம்மாவுக்கு அதிக சுகம் என்று தெரிந்துகொண்டான். அம்மா எழுந்து நடமாடினாள். பின்னாளில் அவர் அதற்கு ஒரு காரணமும் சொன்னார், அழுத்தம் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பியைத் தூண்டியது என்று. ஒரு வீட்டில் நடந்ததை வைத்து அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். மூட்டுவாதத்துக்கு ஷியாட்சு மருந்து என்று யாராவது இந்தக் கதையைக் காட்டிச் சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் ஒரு குழந்தையின் கை, வைத்தியர் இல்லாத ஊரில், பொறுமையாகத் தேடித் தேடி ஒரு வழியைக் கண்டது என்பதை நான் முழுசாக நம்புகிறேன்.

அவர் பிறகு 1925இல் முரோரான் நகரத்தில் சிகிச்சை நிலையம் வைத்தார், 1940இல் டோக்கியோவில் பள்ளி தொடங்கினார், 1957இல் அந்தப் பள்ளிக்கு அரசின் ஏற்பு கிடைத்தது. 1954இல் ஜப்பானுக்கு வந்த மர்லின் மன்றோவுக்குச் சிகிச்சை செய்தார் என்பதைத்தான் விளம்பரக்காரர்கள் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அந்த ஏழு வயதுப் பையன் போதும். சாலை போடுவதற்கு முன் இந்த மலையும் ருசுத்சு போலத்தானே இருந்தது? உடம்புக்கு முடியாதவர்களைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய கதையை உங்கள் வீடுகளில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! தூளி கட்ட ஆள் சேரும் வரை, விடியும் வரை, மழை விடும் வரை அந்த உடம்பின் பக்கத்தில் இருந்தது யார்? உங்கள் கைதான். அப்படிப்பட்ட இடங்களில்தான் இந்த வேலை பிறக்கிறது. அரண்மனையில் பிறப்பதில்லை.

ஷியாட்சுவின் மனம் தாயின் மனம் என்று நமிகோஷி வாழ்நாள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பலரும் அதைச் சிகிச்சை செய்பவருக்குத் தாய்மனம் வேண்டும் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இன்னொன்றும் தோன்றும். அந்தக் குடிசையில் படுத்திருந்தவள் தாய். "இங்கே இதமாக இருக்கிறது" என்று சொல்லிச் சொல்லிப் பையனுக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். படுத்திருப்பவர்தான் ஆசிரியர். இதை நான் எந்த நோயாளியிடமும் ஒரு நாளும் மறக்காமல் இருக்கப் பார்க்கிறேன். அவசரமான நாள்களில் மறந்துவிடுகிறேன்.

இனி அந்த முழங்கால் கைக்கு வருகிறேன்.

நமிகோஷியின் பள்ளியில் உளவியல் பாடம் நடத்தியவர் ஷிசுதோ மசுனாகா. 1925இல் பிறந்து 1981இல் மறைந்தார். கியோத்தோ பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவர். புள்ளிகளை வரிசையாக அழுத்திக்கொண்டு போவதில் அவருக்கு மனம் நிறையவில்லை. தொடப்படும் ஆள் உள்ளே என்ன உணர்கிறார் என்ற கேள்வியே அவரைப் பிடித்து ஆட்டியது. அவர் கண்டது இதுதான்: ஒரு கை மட்டும் அழுத்தினால் உடம்பு எதிர்க்கிறது, இறுகிக்கொள்கிறது. இன்னொரு கை ஓரிடத்தில் அசையாமல் ஆதரவாக இருந்தால், அழுத்தும் கையை உடம்பு உள்ளே விடுகிறது. அசையாத கையைத் தாய்க்கை என்றும், நகர்ந்து வேலை செய்யும் கையைப் பிள்ளைக்கை என்றும் இந்த வழியில் வந்தவர்கள் சொல்வார்கள். பிள்ளைக்கை திரிந்து விளையாடும். தாய்க்கை இருந்த இடத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் படுத்திருப்பவருக்கு இரண்டு கை இருப்பதே தெரியாது, ஒன்றாகிவிடும்.

கற்றுக்கொள்ள வருபவர்கள் எல்லோரும் பிள்ளைக்கையைத்தான் பார்ப்பார்கள். எந்தப் புள்ளி, எவ்வளவு அழுத்தம், எத்தனை நொடி. நானும் அப்படித்தான் இருந்தேன். தாய்க்கை சும்மா இருக்கிறது என்று நினைத்து, அதில் என் எடையை ஊன்றிக்கொள்வேன், இல்லையென்றால் எடுத்துவிடுவேன். ஒரு வருஷம் கழித்துத்தான் புரிந்தது, சிகிச்சையில் பாதிக்குமேல் அந்தச் சும்மா இருக்கும் கையில்தான் நடக்கிறது என்று. ஒன்றிக்காட்டுப் பாட்டியின் இடது கை என் முழங்காலில் இருந்ததே, அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. பிள்ளையைத் தூங்க வைக்கும்போது ஒரு கை தட்டும், ஒரு கை முதுகில் இருக்கும். அங்கிருந்து வந்திருக்கும்.

மசுனாகா சொன்ன இன்னொன்று, நிறைவும் குறைவும். ஜப்பானிய மொழியில் ஜிட்சு, கியோ. உடம்பில் எது கத்துகிறதோ, எது கல்லாக இறுகி வலிக்கிறதோ, அது நிறைந்த இடம். அதன் வலிக்குக் காரணமாக, சத்தமில்லாமல் வெறுமையாகக் கிடக்கும் இடம் வேறொன்று இருக்கும். கத்தும் இடத்தோடு மல்லுக்கட்டாமல், வெறுமையான இடத்தைத் தேடிப்போய் அங்கே இருந்தால் கத்தும் இடம் தானாக இளகும் என்பது அவர் அனுபவம். "இங்க கை உள்ள போவுது" என்று பாட்டி சொன்ன இடம் அதுதான். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் என்னிடம் வரும் உங்கள் பிள்ளைகள் எல்லோரும் கழுத்தையும் தோளையும்தான் காட்டுவார்கள். நாளெல்லாம் கிளையை இழுத்து வளைத்துப் பிடித்த கை. தோளை அழுத்தினால் துள்ளுவார்கள். சரிவில் நின்று நின்று ஓய்ந்துபோன இடுப்புக்குக் கீழே, தொடையின் பின்புறத்தில் கை வைத்துக் காத்திருந்தால் தோள் தானாக இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அப்படி ஆகிறது என்று சொல்லமாட்டேன்.

அழுத்துவது பற்றி ஒரு வார்த்தை. பட்டணத்தில் எங்களிடம் கற்க வரும் இளைஞர்கள் முதல் வாரமே கட்டைவிரலை வீங்க வைத்துக்கொள்கிறார்கள். தோள் பலத்தால் குத்துகிறார்கள். ஷியாட்சுவில் தள்ளுவது கிடையாது, சாய்வதுதான் உண்டு. தரையில் மண்டியிட்டு, முழங்கையை நீட்டி, உடம்பு எடையை இடுப்பிலிருந்து மெதுவாக விரல்மேல் இறக்கவேண்டும். மேற்பரப்புக்கு நேர் செங்குத்தாக, படுத்திருப்பவர் மூச்சு விடும்போது. இதை வகுப்பில் புரியவைக்க எனக்கு நெடுநாள் ஆகும். உங்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: களி கிண்டுவது. பானையைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பின்மேல் சாய்வீர்களே, கையா கிண்டுகிறது? இடுப்புதானே கிண்டுகிறது. ராகிக்களி கிண்டத் தெரிந்த உடம்புக்கு ஷியாட்சுவின் பாதி பாடம் ஏற்கெனவே வந்துவிட்டது.

மீதிப் பாதி வயிற்றில் இருக்கிறது. ஜப்பானியர் அடிவயிற்றை ஹரா என்பார்கள். அவர்களுக்கு அது வெறும் குடல் இருக்கும் இடம் இல்லை. மனிதனின் நடு, துணிவும் மனமும் தங்கும் இடம். மசுனாகா முதலில் வயிற்றைத்தான் தொட்டுப் பார்ப்பார். விரல்களின் உட்புறத்தைத் தட்டையாக வைத்து, எங்கே இறுக்கம், எங்கே வெறுமை என்று கேட்பார். இதை ஆங்கிலத்தில் படித்தபோது எனக்கு ஏதோ மறைபொருள் போலத் தோன்றியது. தமிழில் யோசித்தபோதுதான் நம் வீட்டுப் பேச்சு என்று உறைத்தது. பிள்ளை பஸ்ஸில் வந்து இறங்கும் வரை வயிற்றைக் கலக்குகிறது என்கிறோம். வந்துவிட்டான் என்றால் வயிற்றில் பால் வார்த்தாய் என்கிறோம். பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்கிறோம். கவலையையும் நிம்மதியையும் மண்டையில் வைத்துப் பேசுவது இப்போது பழகியது. நம் மொழி அவற்றை வயிற்றில் வைத்திருக்கிறது. சாவுவீட்டில் அழுது ஓய்ந்தவளின் அருகில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்துக்கொண்டிருக்கும் பெண்களை நான் இந்த மலையில் பார்த்திருக்கிறேன். பேசமாட்டார்கள், ஆறுதல் சொல்லமாட்டார்கள், கை மட்டும் அங்கே இருக்கும். நான் கற்றதில் உயர்ந்தது எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

ஜப்பானில் இந்தக் கையின் வரலாற்றில் பெரும்பங்கு பார்வையற்றவர்களுடையது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். 17ஆம் நூற்றாண்டில் சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற வைத்தியர், 1610இல் பிறந்து 1694 வரை இருந்தவர், தம்மைப் போன்றவர்களுக்கு ஊசி வைத்தியமும் அன்மாவும் கற்றுத்தரும் பள்ளிகளைத் தொடங்கினார். பல தலைமுறைக்கு அது அவர்கள் பிழைப்பாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் தோற்ற பிறகு, ஆக்கிரமித்திருந்த அமெரிக்கப் படை நிர்வாகம் இந்த வைத்தியங்களை நிறுத்தப் பார்த்தது. பார்வையற்றவர்கள் விடாமல் போராடினார்கள். 1947 டிசம்பரில் வந்த சட்டம் தொழிலைக் காப்பாற்றியது. 1955இல் அதைத் திருத்தியபோது ஷியாட்சு என்ற சொல்லும் அதில் ஏறியது. இன்று அங்கே இந்தத் தொழிலைச் செய்யவேண்டுமானால் மூன்று ஆண்டு படிக்கவேண்டும், தேசியத் தேர்வு எழுதவேண்டும். பாட்டி ஏன் கண்ணை மூடிக்கொண்டார் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பள்ளிகள் ஞாபகம் வருகின்றன.

நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று ஒரு புறமருத்துவம் உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. அழுத்தல் அதில் ஒன்று. ஷியாட்சு மொத்தமும் அந்த ஒரு சொல்லுக்குள் குடியிருக்கிறது என்று சொன்னாலும் தவறில்லை. பாளையங்கோட்டையிலும் சென்னையிலும் சித்த மருத்துவக் கல்லூரிகளில் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். ஆனால் பாடத்துக்கும் உங்கள் திண்ணைக்கும் நடுவில் பாலம் இல்லை. படித்தவர்கள் உங்களிடம் வந்து கேட்பதில்லை. நீங்களும் "எனக்கு என்ன தெரியும்" என்று கையை முந்தானையில் மறைத்துக்கொள்கிறீர்கள். அந்தச் சொல்லை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அதே மூச்சில் இதையும் சொல்லவேண்டும். ஷியாட்சு எல்லா நோயையும் தீர்க்கும் என்று எங்கும் நிரூபணம் ஆகவில்லை. 2011இல் இங்கிலாந்தில் ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். புள்ளியழுத்தம் சில வகை வலிகளுக்கும், அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் குமட்டலுக்கும் பயன்படுவதற்குச் சான்று இருந்தது. ஷியாட்சுவுக்கென்று போதுமான சான்று இல்லை, நல்ல ஆய்வுகளே குறைவு என்றார்கள். கீ என்ற உயிர்சக்தி ஓடும் தடங்கள் என்று வரைந்துவைத்திருக்கும் கோடுகளை உடம்பை அறுத்துப் பார்த்தால் காணமுடியாது. நான் அவற்றை ஒரு பழைய வழிகாட்டிப் படமாக வைத்துக்கொள்கிறேன். வழி சொல்கிறது, ஆனால் அதுவே நிலம் ஆகிவிடாது. தோலுக்குள் அழுத்தத்தை உணரும் வாயில்களைக் கண்டுபிடித்ததற்கு ஆர்டெம் படபூட்டியான் என்பவருக்கு 2021இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தொடுகையை உடம்பு எப்படி அறிகிறது என்பதே நேற்றுத்தான் விளங்கத் தொடங்கியிருக்கிறது. அதற்குள் நாம் பெரிய வாக்குறுதிகளைக் கொடுக்க வேண்டாம்.

வாக்குறுதி என்றதும் அந்த லாரி ஓட்டுநர்தான் நினைவுக்கு வருகிறார். நான் தொழிலுக்கு வந்த முதல் வருஷம். வடநாட்டுக்குச் சரக்கு ஏற்றிப்போய் நாள்கணக்கில் உட்கார்ந்தே ஓட்டித் திரும்பியவர். ஆடுசதை வலிக்கிறது, பிடித்துவிடுங்கள் என்றார். படுக்க வைத்து அழுத்த ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். என் பிள்ளைக்கை மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது. தாய்க்கை அந்தக் காலில் ஏதோ சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கவேண்டும், நான் கேட்கவில்லை. அவர் மனைவிதான் "அந்தக் கால் மட்டும் ஏங்க இவ்ளோ சூடா இருக்குது?" என்றார். அப்போதுதான் இரண்டு காலையும் சேர்த்துப் பார்த்தேன். ஒன்று வீங்கிப் பளபளவென்று சிவந்திருந்தது. உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். ரத்தக்குழாயில் கட்டி அடைத்திருந்தது. அழுத்திய அழுத்தத்தில் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் அவர் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். பிழைத்தார். இன்றும் வண்டி ஓட்டுகிறார். நான் அதன்பிறகு ஒரு வாரம் யாரையும் தொடவில்லை.

அதனால் உங்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கால் மட்டும் வீங்கிச் சுட்டால் தொடாதீர்கள். விழுந்த காலை ஊன்றி நாலு எட்டு வைக்க முடியவில்லை, கணுக்கால் எலும்பைத் தொட்டாலே உயிர் போகிறது என்றால் அது சுளுக்கு இல்லை. ஆட்டாமல் பலகை வைத்துக் கட்டிக் கீழே அனுப்புங்கள். வாய் கோணி, ஒரு பக்கக் கை விழுந்துவிட்டால் பிடித்துவிட நேரம் இல்லை, 108ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல் காய்கிற உடம்பு, கர்ப்பிணியின் வயிறு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புற்றுக்கட்டி உள்ளவர்கள், இவர்களையெல்லாம் மருத்துவரைக் கேட்காமல் அழுத்தவேண்டாம்.

இன்னொன்று சொல்லும்போது உங்களில் சிலருக்குக் கோபம் வரும், தெரியும். பச்சைக் குழந்தைக்கு உரம் விழுந்துவிட்டது என்று புடவையில் போட்டு உருட்டுவதையும் தலைகீழாகப் பிடிப்பதையும் விட்டுவிடுங்கள். அந்தக் கழுத்துக்கு அந்த ஆட்டம் தாங்காது. குழந்தை விடாமல் அழுதால் அதற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கவேண்டியது மருத்துவர். அதுவரை மார்போடு அணைத்து முதுகில் கை வைத்துக்கொள்ளுங்கள். அதை உங்களைவிட நன்றாக யாரால் செய்யமுடியும்?

இப்படிப் பார்த்துக் கண்டுகொள்வது எங்களுக்கெல்லாம் எப்படி வரும் என்று கேட்காதீர்கள். நம் மாவட்டத்திலேயே சிட்லிங்கி இருக்கிறது. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். உங்களைப் போல மலையாளிப் பழங்குடி வீடுகளின் பெண்களைத்தான் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் பிரசவம் பார்க்கிறார்கள், அறுவை சிகிச்சைக்கு உதவுகிறார்கள், ஊர் ஊராகப் போய்த் தாய்மார்களையும் குழந்தைகளையும் கவனிக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதும், தீராநோயில் படுத்திருப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சை தருவதும் சேர்ந்திருக்கின்றன. சுகாதாரத் தன்னார்வலர் மாத்திரையோடு வரும்போது நீங்கள் ஒதுங்கி நிற்கவேண்டாம். அவர் ரத்த அழுத்தம் பார்த்து முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுங்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை நாளெல்லாம் யாரும் தொடுவதே இல்லை. கழுவவும் திருப்பிப் போடவும் மட்டும் தொடுகிறார்கள். அவர்களுக்கு உங்கள் கை வேண்டும்.

இந்தக் கடிதத்தை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. பஸ் ஏறி வருகிறது, சனி ஞாயிறுகளில் கார்கள் வருகின்றன, மேகத்தைப் பார்க்க ஆள் வருகிறது. தங்கும் விடுதிகள் வரும். அவற்றில் ஸ்பா வரும், பலகையில் ஷியாட்சு என்று எழுதி ஒரு மணி நேரத்துக்கு விலை போட்டிருப்பார்கள். போன மாதம் உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, அந்த வேலைக்குப் போகலாமா அக்கா என்றாள். போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பறிப்புக் கூலியில் வருஷம் ஓடாது என்று எனக்கும் தெரியும். நான் சொன்னது இது. முறையாகக் கற்றுக்கொண்டு போ. ஷியாட்சுவில் படுத்திருப்பவர் முழு உடையில் இருப்பார், எண்ணெய் கிடையாது, தரையில் பாய் போதும். அதை மாற்றச் சொல்கிற இடம் ஷியாட்சு நடக்கும் இடம் இல்லை, எழுந்து வந்துவிடு. ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று நீ சொல்லவேண்டும், முதலாளி சொல்லக்கூடாது. எட்டாவது ஆளைத் தொடும்போது உன் தாய்க்கை செத்துப்போயிருக்கும். நான் ஒரு பெருநகரத்து நிலையத்தில் ஆறு மாதம் வேலை செய்தபோது எனக்கு அதுதான் நடந்தது. மேசையில் கடிகாரம் வைத்திருப்பார்கள், நாற்பது நிமிஷத்தில் மணி அடிக்கும். மணிக்குப் பயந்த கை எதையும் கேட்பதில்லை.

பெண்களே, அப்படி விடுதி வந்தால் உங்களில் நாலு பேர் சேர்ந்து நீங்களே ஒரு அறை எடுத்து நடத்துங்கள். விலையை நீங்கள் வையுங்கள். பெயரும் நீங்களே வையுங்கள். ஷியாட்சு என்றே இருக்கவேண்டியதில்லை. வாங்கிப் போடவேண்டிய எந்திரம் எதுவும் இல்லை. இரண்டு பாய், ஒரு போர்வை, துவைத்த தலையணை உறை, நகம் வெட்டிய விரல், சுடுதண்ணீர்.

ஆரோவில் கடலோரத்தில் குவயட் என்ற சிகிச்சை மையத்தில் ஷியாட்சுவையே வெதுவெதுப்பான தண்ணீரில் ஆளை மிதக்கவிட்டுச் செய்கிறார்கள். வாட்சு என்று பெயர். மசுனாகாவிடம் கற்ற ஹெரால்ட் டல் என்ற அமெரிக்கர் 1980 வாக்கில் கலிஃபோர்னியாவின் வெந்நீர் ஊற்றில் தொடங்கியது அது. அங்கே ஒருநாள் பார்த்தேன்: வெளிநாட்டுக்காரர் ஒருவர் மிதந்துகொண்டே தேம்பித் தேம்பி அழுதார். தாங்கியிருந்த பெண் ஏன் என்று கேட்கவில்லை, தேற்றவில்லை. கழுத்துக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை, அவ்வளவுதான். கரையில் நின்ற எனக்கு ஒன்றிக்காட்டுத் திண்ணை கண்ணுக்குள் வந்து நின்றது.

தை கடந்து காப்பிப் பழம் பறிப்பு ஓய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பெரியூரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மரத்தடியில் உட்காரலாம். பாய்கள் நான் கொண்டுவருகிறேன். எலும்பு முறிவை எப்படித் தொட்டுப் பார்ப்பது, ரத்தக்கட்டியை எப்படிக் கண்டுகொள்வது, எப்போது கையை எடுத்துவிடவேண்டும் என்பதையெல்லாம் நான் காட்டுகிறேன். நீங்கள் எனக்குக் காட்டவேண்டியது ஒன்றே ஒன்று. அந்த இடது கையை எப்படி அவ்வளவு நேரம் அப்படியே வைத்திருப்பது? என்னால் இன்னும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை. மனசு ஓடிவிடுகிறது, கையும் கூடவே ஓடிவிடுகிறது.

ஒன்றிக்காட்டுப் பாட்டிக்கு நடக்க முடியவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். திண்ணைக்கே வந்துவிடுகிறேன். இந்த முறை அவர் காலை என் மடியில் வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து,
உங்கள் இயன்முறை சிகிச்சைக்காரப் பெண்